கறுப்புக் காரும் கடல் தாண்டி வந்த துண்டுகளும்

கார் துடைக்கிற துணியைப் பற்றி யாரும் என்னிடம் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் விடமாட்டேன். கழுவ ஒரு துணி, ஈரம் எடுக்க ஒரு துணி, பளபளப்பு ஏற்ற ஒரு துணி என்று ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் செருப்பைத் தேடும்வரை போவேன். ஷார்ஜாவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள், நான் 'மைக்ரோஃபைபர்' என்று வாயைத் திறந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். இத்தனைக்கும் அந்தக் காரை நான் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். துடைத்ததைவிட அதைப் பற்றிப் பேசியது அதிகம்.

கார் வாங்கியது இதற்கு முந்தின தடவை ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்த லீவில். கறுப்புக் கார். கடலோரத்தில் கறுப்பு வேண்டாம் என்று விற்கிற ஆளே சொன்னார். விற்கிறவரே வேண்டாம் என்று சொன்னால் மனுசன் ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டுமா இல்லையா? உப்புக் காற்று, மணல், போர்வெல் தண்ணீர், எல்லாம் கறுப்பில் அப்படியே எழுந்து நிற்கும் என்றார். எங்கள் கீழக்கரைப் போர்த் தண்ணீரைத் தரையில் ஊற்றிக் காயவிட்டால் கோலம் போட்ட மாதிரி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கறுப்பில்தான் கெத்து என்று மண்டைக்குள் ஏறியிருந்தது. வாங்கினேன். அதே லீவில் மகளும் பிறந்தாள். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் கழித்த கையோடு நான் விமானம் ஏறிவிட்டேன். காரும் பிள்ளையும் மாமியார் வீட்டில் இருந்தார்கள்.

மாமியார் வீட்டில் என்றால், அதுதான் என் வீடு. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். போன நாளிலிருந்து எத்தனை வருஷம் ஆனாலும் அவர் மாப்பிள்ளைதான். நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மீனில் நல்ல துண்டம் அவர் தட்டில் விழும். ஒரே ஒரு கஷ்டம், அங்கே மாப்பிள்ளை எதையும் 'இது என்னுடையது, கொடு' என்று கேட்க முடியாது. கேட்டால் அடுத்த தெருவரைக்கும் தலைகுனிவு.

அந்த வீட்டுக்குள் போனுக்கு டவர் கிடைக்காது. கார் நின்ற முன்வாசலில்தான் கிடைக்கும். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. மனைவி வீடியோவில் வந்ததும் சலாம் சொல்வேன், அடுத்து 'காரைக் காட்டு' என்பேன். அப்படி ஒரு நாள் காட்டும்போதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மனைவியின் தம்பி ஒரு பழைய கைலித் துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி கை நழுவி மணலில் விழுந்தது. எடுத்தான், தொடையில் ஒரு தட்டுத் தட்டினான், மறுபடி துடைத்தான்.

"ஏலே, கீழ விழுந்த துணியால தொடைக்காதலே!" என்று கத்தினேன்.

"தட்டிட்டுத்தான் தொடைக்கிறேன் மச்சான்," என்றான். "மண்ணு என்ன, நம்ம ஊரு மண்ணுதான?"

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மணல் ஒட்டிய துணி கறுப்பு பெயின்ட்டில் வட்டம் வட்டமாகக் கீறும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும். இதையெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து நான் கற்று வைத்திருந்தேன். நான் வேலை பார்த்தது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில். காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் இருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அடுத்த லீவு கிடைத்ததும் துண்டு வாங்கப் புறப்பட்டேன். கல்யாணச் சேலை எடுக்கிற கூட்டம்கூட அவ்வளவு கடை ஏறி இறங்கியிருக்காது. கழுவுவதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு வகை, நூல் திரி திரியாகத் தொங்கும், கையுறை மாதிரியும் கிடைக்கும். அழுக்கு அந்தத் திரிகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பெயின்ட்டில் உரசாது. பாலிஷுக்குப் பச்சை, முடி கட்டையாக இருக்க வேண்டும், ஓரத்தில் தையல் இருக்கக் கூடாது, தையல் கீறும். ஈரம் எடுக்கிற துண்டுதான் ராஜா. நீலம், ஆள் படுக்கிற அகலம், தூக்கினால் கனம். காரின் மேல் விரித்து ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும், தண்ணீர் மொத்தமும் அதற்குள் போய்விடும். தேய்க்கவே வேண்டாம். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். கடைக்காரர் மலையாளி. கடைசியில் பொறுக்க முடியாமல், குழந்தைக்கா என்று கேட்டார். காருக்கு என்றேன். பில் போட்டார்.

கேள்வி நியாயமானதுதான். மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியதுதான், அப்புறம் நான் அவளைத் தொட்டதில்லை. துண்டைப் பற்றி இவ்வளவு பேசினாலும் இந்த லீவில் என் மனதில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். திரும்பிப் போவதற்குள் அவள் தானாக என்னிடம் வர வேண்டும். ஒரு தடவையாவது வாப்பா என்று கூப்பிட வேண்டும். அதற்காகப் பேசுகிற பொம்மை ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

வந்து இறங்கிய அன்றைக்கு, வாசலில் அவள் என்னைப் பார்த்தாள். தன் உம்மாவின் காலுக்குப் பின்னால் போனாள். அவ்வளவுதான். அங்கிருந்து வரவே இல்லை. பொம்மையை அமுக்கிக் காட்டினேன். அது இங்கிலீஷில் ஏதோ கத்திக் கையை ஆட்டியது. பிள்ளை வீறிட்டு அழுதது. பொம்மையை அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள். என்னையும் ஏற்றியிருப்பார்கள், மாப்பிள்ளை என்பதால் விட்டார்கள்.

சாயங்காலம் பெட்டி பிரித்தோம். பெட்டி பிரிப்பது எங்கள் பக்கம் ஒரு சின்னக் கல்யாணம். மாமியாரின் அக்கா தங்கை, அண்ணன், பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கூடிவிடும். போட்டுக்கொள்கிற சட்டை துணிமணி தவிர, பெட்டியில் இருப்பது எல்லாம் கூடியிருப்பவர்களுக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. இந்தச் சட்டம் தெரிந்த நான் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? சென்ட் பாட்டிலும் கண்ணாடிக் கிண்ணமும் உடையாமல் இருக்க, ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். எடை மிச்சம் என்று அறையில் பெருமை வேறு பேசினேன்.

முதல் பாட்டிலைப் பிரித்ததும் மாமியாரின் தங்கை பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் துண்டைக் கையில் எடுத்தார். "என்னா மெதுவு! யம்மா, இங்கன தொட்டுப் பாருங்க."

கை கையாகப் போயிற்று. அடுத்த பாட்டில், அடுத்த துண்டு. "ஆளுக்கு ஒண்ணுன்னு பாத்துப் பாத்து வாங்கியாந்திருக்காக மாப்புள," என்றார் மாமி, என் மாமியார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'அது கார் துடைக்கிறது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். முகத்தில் ஒற்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறவர்களிடம், அது கார் துடைக்கிறது என்று எப்படிச் சொல்வது? "நல்ல துணி மாமி," என்றேன். "வெந்நீர் மட்டும் படக் கூடாது." அதோடு என் உபதேசம் முடிந்தது.

கடைசியாக அடியில் நீலத் துண்டு இருந்தது. அதை மட்டும் சட்டைகளுக்குக் கீழே தள்ளினேன். அப்போதுதான் மகள் வந்தாள். கூட்டத்துக்குள் தவழ்கிற மாதிரி நுழைந்து, பெட்டிக்குள் கையை விட்டு, துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவளைவிடப் பெரிய துண்டு. தரையில் இழுத்துக்கொண்டே ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் அதைப் போர்த்திக்கொண்டாள். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். என் பெட்டியிலிருந்து அவள் ஒன்று எடுத்துக்கொண்டாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் துண்டு தரையில் இழுபட்டதைப் பார்த்து வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தெருவில் நடக்கவே முடியவில்லை. எங்கே திரும்பினாலும் என் துண்டுகள். மாமியாரின் அண்ணன் பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்தார். தையல் இல்லாத ஓரம், கட்டை முடி, மெழுகு ஏற்றுவதற்கென்றே செய்தது. எனக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தார். குத்பா பிரசங்கம் முழுக்க என் கண் அந்தத் தோளிலேயே இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். எதிர்வீட்டு உம்மா ஒரு துண்டில் மாசிக்கருவாடு பொதிந்து கொடுத்தனுப்பினார். பாசத்தோடு அனுப்பியது, மறுக்க முடியாது. கழுவுகிற கையுறையை மாமி அடுப்படியில் வைத்துக்கொண்டு வட்டிலப்பச் சட்டியை இறக்கினார். திரியெல்லாம் உருகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. "துபாய்ச் சாமானும் இப்பல்லாம் இப்படித்தான் வருது," என்று எனக்காக வருத்தப்பட்டார். மிச்சம் இருந்த மஞ்சள் துண்டுகள் தொங்கிப்போய் இருக்கின்றன என்று கஞ்சி போட்டுக் காயப்போட்டார். கொடியில் அவை அப்பளம் மாதிரி விறைத்து நின்றன.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ராமநாதபுரம் போய்ப் பருத்தித் துண்டுகள் ஒரு கட்டு வாங்கினேன். இதைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், துஆச் செய்தார்கள். பழைய துண்டை யாரும் திருப்பித் தரவில்லை. தர வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவே இல்லையே. "மச்சானுக்கு பஜார்ல ஒரு துண்டுக் கடை வச்சுக் குடுத்திரலாம்," என்றான் மனைவியின் தம்பி.

மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஏங்க, நான் வேணா கேட்டுப் பாக்கவா?" என்றாள்.

"வேணாம். மானம் போயிரும்."

"போறதுக்கு இன்னும் இருக்காக்கும்," என்று சிரித்தாள்.

துண்டுகூடப் போகட்டும். மகள்தான் வரவில்லை. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அவள் அடுத்த அறைக்குப் போவாள். தெருவில் போகிற ஐஸ்காரர் தூக்கினால்கூட இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிற பிள்ளை, நான் கையை நீட்டினால் கையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். நீலத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையைப் பார்ப்பேன், கூடவே அவள் எச்சில் துண்டின் இழைகளில் இறங்குவதையும் பார்ப்பேன். இப்படி ஒரு தகப்பன்.

காரில் ஏற்றினால் மட்டும் குஷியாகிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாரியூர்க் கடற்கரைக்குப் போனோம். போகும்போதும் வரும்போதும் பின்சீட்டில் பாட்டும் கும்மாளமும். நான்தான் ஓட்டுகிறேன் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சரி, கார் பிடித்திருக்கிறது, காரை இன்னும் பளபளப்பாக வைத்தால் காரோடு சேர்த்து என்னையும் பிடிக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். பெண் பார்க்கப் போகிற பையன் பைக்கைக் கழுவுகிற கதைதான். லீவு வேறு கரைந்துகொண்டே வந்தது.

மறுநாள் மதியம் காரைக் கழுவினேன். மாரியூர் மணலும் உப்பும் அப்பிக் கிடந்தது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவலாம் என்று தொட்டிப் பக்கம் வாளியோடு போனேன். "லாரித் தண்ணி மாப்புள," என்றார் மாமி. குடிக்கக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர். வாளியைத் திருப்பினேன். போர்த் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்றால், கழுவிய கையோடு துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் கறுப்புக் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதற்கு ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது, அது தூங்குகிற பிள்ளையின் கையில்.

உள்ளே போனேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, துண்டை மெல்ல உருவினேன். அவள் புரண்டு படுத்தாள். துண்டை உதறிப் பார்த்து மணல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே ஓடினேன்.

காரின் கூரைமேல் விரித்து ஓர் இழுப்பு இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது. நீர் மொத்தமும் போய்விட்டது. கூரையில் தென்னை ஓலையின் நிழல் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தெரிந்தது. வீடியோவில் பார்த்தது அத்தனையும் உண்மைதான். நான் தனியாக நின்று 'ஆகா' என்று வாய்விட்டுச் சொன்னேன். பானெட்டில் விரித்து, இழுக்கப் போகும்போது ஏதோ தோன்றித் திரும்பினேன். மகள் வாசலில் நின்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். இனி அழுவாள், ஊர் கூடும், பிள்ளையின் துண்டால் காரைத் துடைத்த மாப்பிள்ளை என்று பேர் நிற்கும், இந்த லீவில் இனி இவள் என் பக்கம் வரவே மாட்டாள் என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. துண்டை விட்டுவிட்டு நின்றேன்.

அவள் அழவில்லை. இறங்கி வந்தாள். காரைப் பார்த்தாள், சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது மொத்தமாகச் சரிந்து மணலில் விழுந்தது. அதை அப்படியே வாரி எடுத்துக் கதவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மணல் பெயின்ட்டில் உரசுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. சர், சர் என்று வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவள் என் முழங்கை தொடுகிற தூரத்தில் நின்றாள்.

"வாப்பா நனஞ்சுட்டாக," என்றாள்.

என் சட்டையும் கைலியும் தொப்பலாக நனைந்துதான் இருந்தது. குனிந்து கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்துத்தான் பேசினாள். "குளிருதா வாப்பா? இந்தா, தொடச்சாச்சு," என்று கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

டீயோடு வாசலில் வந்து நின்ற மனைவி, சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். "ஏங்க," என்றாள் மெதுவாக. "போனைக் கார் மேலதான சாத்தி வைப்பேன். 'வாப்பாட்ட பேசு, வாப்பாக்கு சலாம் சொல்லு'ன்னு இங்கன நிறுத்தித்தான் சொல்லுவேன். காலையில எந்திரிச்சதும் வந்து காருக்குச் சலாம் சொல்லுவா. வெளையாடுறான்னு நெனச்சேன்."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அறையில் மல்லாந்து படுத்து, போனை நெஞ்சில் போட்டுக்கொண்டு பேசுகிறவன் நான். திரையில் மின்விசிறிதான் தெரிந்திருக்கும். பிள்ளைக்குத் தெரிந்தது ஒரு குரல். அது தினமும் அந்தக் கறுப்புக் காரிலிருந்து வந்தது. வந்து காரைப் பற்றியே விசாரித்தது. நான் ஊருக்கு வந்த பிறகு அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. எனக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

மகள் இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். துண்டின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தாள். அவள் விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன.

"மாமா, நீங்க அங்கன தொடைங்க," என்றாள். "அந்தப் பக்கம் வாப்பாக்கு ஈரமா இருக்கு."

வீட்டுக்கு வந்துபோகிற ஆண்கள் எல்லோரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "சரிம்மா," என்றேன். அந்தப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, மணல் ஒட்டிய துணியாலேயே துடைத்தேன். நான் ஒழுங்காகத் துடைக்கிறேனா என்று பார்க்க அவளும் சுற்றிக்கொண்டு வந்து, என் தோளில் கையை ஊன்றி நின்றாள்.

"மெதுவா மாமா," என்றாள். "வாப்பாக்கு வலிக்கும்."